நெல் தொட்டியில் கடல்

செஞ்சிக்குக் கடல் கிடையாது. மலை உண்டு, மலைமேல் கோட்டை உண்டு, கோட்டைமேல் குரங்கு உண்டு. கடல் பார்க்க ஆசைப்பட்டால் திண்டிவனம் போய், பஸ் மாறி, மரக்காணம் போக வேண்டும். ஆகவே, கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் காற்றுச் சுழலியைச் சோதித்துப் பார்க்கச் செஞ்சியைத் தேர்ந்தெடுத்ததில் நம் நாட்டு வழக்கப்படி எந்தக் குற்றமும் இல்லை.

தேர்ந்தெடுத்தவன் இளையபெருமாள். செஞ்சிக்காரன்தான். சென்னையில் ஒரு பெரிய பொறியியல் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் திட்ட உதவியாளர் வேலை. அந்த வேலைக்கு முன்னால் ‘தற்காலிக’ என்றொரு சொல் உண்டு. 1980இல் ஆறு மாதத்துக்கென்று சேர்ந்தான். 1986 வந்துவிட்டது, அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நீட்டிப்பு உத்தரவு வரும். சில சமயம் உத்தரவு வந்து சேர்வதற்குள் அது நீட்டித்த காலமே முடிந்துபோயிருக்கும். நிரந்தரம் ஆனால்தான் கல்லூரிக் குடியிருப்பில் வீடு. வீடு கிடைத்தால்தான் அவலூர்பேட்டையில் தாய்வீட்டில் இருக்கும் மனைவி வசந்தாவையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு வர முடியும். மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருவான். போன முறை மகள் அவனை ‘மாமா’ என்று கூப்பிட்டாள். வீடே சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான். 

“உங்க வேலையும் அந்த அலை மாதிரிதான்,” என்றாள் வசந்தா. “வருது, போவுது. நிக்க மாட்டேங்குது.”

நிற்க வைக்கும் அதிகாரம் பேராசிரியர் ராஜாராம் கையில் இருந்தது. அலை மின்சாரத் திட்டத்துக்கு அவர்தான் தலைவர். நூற்று நாற்பது பக்கத்தில் அறிக்கை எழுதி, டெல்லியில் வாசித்து, சால்வை வாங்கியவர். கடற்கரைக்கு மட்டும் போவதில்லை. கடற்காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளாது, சைனஸ். “ஆடி மாசம் டெல்லியிலேருந்து கமிட்டி வர்றாங்க, இளையபெருமாள். மாடல் அவங்க கண்ணு முன்னால சுத்தணும். சுத்தினா உங்க கன்ஃபர்மேஷன் என் பொறுப்பு,” என்றார். சுற்றாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அந்தச் சுழலி எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் பின்னால் நடந்த கூத்து விளங்கும். கடலோரம் அடியில்லாத ஒரு பெரிய சிமென்ட் அறை. அலை உள்ளே ஏறும்போது அறைக்குள் இருக்கும் காற்றை மேலே ஒரு துளை வழியாக வெளியே தள்ளும். இறங்கும்போது அதே துளை வழியாக உள்ளே இழுக்கும். அந்தத் துளையில் ஒரு விசிறியை வைத்தால் சுற்றும். சாதாரண விசிறி என்றால் காற்று வெளியே போகும்போது ஒரு பக்கமும், உள்ளே வரும்போது மறுபக்கமும் சுற்றும். அதில் மின்சாரம் எடுப்பது சல்லடையில் தண்ணீர் அள்ளுகிற கதை. பேராசிரியரின் சுழலிக்கு எட்டு இறக்கை. இரண்டு முகமும் ஒரே மாதிரி, மீன் உடம்புபோல. சாய்வே இல்லாமல் படுக்கையாகப் பொருத்தியிருக்கும். காற்று எந்தப் பக்கம் போனாலும் அது ஒரே பக்கம் சுற்றும். குறை ஒன்றே ஒன்று: தானாகக் கிளம்பாது. யாராவது முதலில் கையால் தள்ளிவிட வேண்டும். நம் அரசுப் பேருந்துகளோடு பழகியவர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றாது.

இறக்கைகளின் வரைபடம் கல்லூரிப் பட்டறையில் எட்டு மாதம் உறங்கியது. எப்போது கேட்டாலும் ‘அடுத்த வாரம்’. கல்லூரியில் செயற்கை அலை எழுப்பும் தொட்டியைத் துறைமுக மாதிரி ஒன்றின் சோதனைக்கு இரண்டு வருடத்துக்கு முன்பதிவு செய்துவிட்டார்கள். இளையபெருமாளுக்கு வேறு வழி தெரியவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

செஞ்சியில் மேல்சித்தாமூர்ச் சமணர், நயினார் ஒருவரின் அரிசி மில் இருந்தது. நெல் ஊறப்போடும் பெரிய சிமென்ட் தொட்டிகள் அங்கே உண்டு. ஆடியில் நெல் வரத்தில்லை, தொட்டி சும்மாதான் கிடந்தது. “தண்ணி ஊத்தி இன்னா வேணா பண்ணிக்கப்பா, கொசு மட்டும் வராம பாத்துக்க,” என்று நயினார் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். மில் கணக்கருக்குத்தான் சங்கடம். வந்திருப்பவன் மெட்ராஸ் இன்ஜினியர், நாற்காலி போட வேண்டும். ஆனால் இவன் அப்பா இதே மில்லில் மூட்டை தூக்கியவர், சேரிக்காரர். நாற்காலி போட்டால் நாளைக்கு வழக்கமாகிவிடும். கணக்கர் நாற்காலியைப் பாதி இழுத்தார், பாதி விட்டார். இளையபெருமாள் மீதிப் பாதியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

இறக்கை செய்யத் திருவண்ணாமலை ரோட்டில் அப்துல் சுக்கூர் பாய். திண்டிவனத்திலிருந்து அவலூர்பேட்டை வரை எந்த மில்லில் உமி பறந்தாலும் அது பாய் போட்ட விசிறியால்தான் பறக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் உளியால் தன் பெயரைக் கொத்தியிருப்பார். தகரத்தில் அளவு குறித்து வெட்டுவது அவர் மகள் ஹபீபா. கோடு அவளுடையது, சுத்தியல் அவருடையது என்று இருவருக்கும் ஏற்பாடு.

பாய் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது ஃபேனா?”

“ஆமாம் பாய்.”

“எறக்க சாயவே இல்லியே. காத்து எதைத் தள்ளும்?”

இளையபெருமாள் விளக்கினான். கரும்பலகை இல்லாத குறைக்கு ஒரு தகரத்தில் சாக்கட்டியால் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினான். பாய் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது ஒப்புக்கொள்வதற்கு அடையாளம் இல்லை, பேசுகிறவன் சீக்கிரம் முடிக்கட்டும் என்பதற்கு அடையாளம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

பத்து நாளில் எல்லாம் தயார். இரும்புத் தகட்டில் ஆளுயரத்துக்கு அடியில்லாத பெரிய பீப்பாய். அதைத் தொட்டித் தண்ணீரில் கவிழ்த்து, ஒரு நீளமான சவுக்குக் கட்டையில் தொங்கவிட்டார்கள். கட்டையின் மறுமுனையை அழுத்தினால் பீப்பாய் மேலே எழும், விட்டால் அமிழும். அலை ஏறி இறங்கவில்லை, அறைதான் ஏறி இறங்குகிறது. காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பீப்பாயின் தலையில் குழாய், குழாய்க்குள் சுழலி. சுற்றை எண்ண வசதியாக ஒரு இறக்கைக்குச் சிவப்புப் பெயிண்ட்.

அலையாக இருக்க ஆறு பெண்களை நாள்கூலிக்கு அமர்த்தினான். மில்லில் நெல் காயவைக்கிறவர்கள். அவர்களுக்குத் தலைமை தைலம்மாள்.

“இன்னாடா பெருமாளு, மெட்ராஸ்ல போயி இத்தினி வருஷம் படிச்சிட்டு வந்து எங்கள ஊஞ்சலாட உட்ற?”

“ஊஞ்சல் இல்லக்கா. இது கடல்.”

“கடலா! ஏய் கன்னியம்மா, நீ கடலாம்டி. ஒழுங்கா எழும்பு!”

கடல் சிரித்துக்கொண்டே எழும்பியது, அமிழ்ந்தது. பீப்பாய் அமிழ, காற்று வெளியே சீறியது. இளையபெருமாள் தள்ளிவிடக் கையை நீட்டினான். நீட்டிய கை படுவதற்குள் சுழலி தானாகவே விர்ரென்று கிளம்பிவிட்டது. அவனுக்கு மெய்சிலிர்த்தது. நூற்று நாற்பது பக்க அறிக்கையில் நடக்காது என்று எழுதியிருந்தது கண்முன்னே நடக்கிறது. மறுபடி பீப்பாய் எழும்பியது, காற்று உள்ளே பாய்ந்தது. சுழலி தயங்கியது, நின்றது, அப்புறம் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் சுற்றியது.

நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தான். எட்டு இறக்கைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, மில் விசிறியைப்போல அழகாக.

“பாய், இது படத்துல இல்லியே!”

“படத்துல தப்பா இருந்துச்சு தம்பி,” என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. நாலு பேர் முன்னால் அவனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். “யாரோ சாய்வு போட மறந்துட்டாங்க. நான் சரி பண்ணிட்டேன். உன் பேரு கெடக் கூடாதுல்ல?”

சரிசெய்ததை மறுபடி தப்பாக்கச் சொல்வது எத்தனை கடினம் என்று அன்றைக்குத்தான் இளையபெருமாள் தெரிந்துகொண்டான். நேராக வைத்து ஆணியடிக்கச் சொன்னான். பாய் மறுத்தார். தள்ளாத விசிறியில் என் பெயரைக் கொத்த மாட்டேன், கொத்தாமல் கடையை விட்டு அனுப்பவும் மாட்டேன் என்றார். மதியம்வரை இழுபறி. கடைசியில் ஹபீபா நடுவில் வந்தாள்.

“அத்தா, நீங்க சாய்வா வேணும்ங்கறீங்க. அவரு நேரா வேணும்ங்கறாரு. ஆணியே அடிக்காதீங்க. தலைப்பக்கம் ஒரே ஒரு போல்ட்டு போட்டு, வால் திரும்பற மாதிரி உடுங்க. இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை. வெளிய போற காத்துக்கு ஒரு சாய்வு, உள்ள வர்ற காத்துக்கு ஒரு சாய்வு, நடுவுல நேர். அவருக்கு எது வேணுமோ அதுல வெச்சி முறுக்கிக்கட்டும்.”

பாய் யோசித்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது. “முறுக்கறது உன் கை தம்பி. பாவமும் உன்னுது,” என்று சொல்லிவிட்டு இரண்டே நாளில் செய்து கொடுத்தார். நடுவில் பெயரும் கொத்தினார்.

இளையபெருமாள் எட்டு இறக்கைகளையும் நேராக வைத்து நட்டை முறுக்கினான். நட்டு தளராமல் இருக்க எட்டு ஸ்பிரிங் வாஷர் வேண்டும். அதற்குக் கல்லூரி ஸ்டோரில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தான். மூன்று கடைகளில் விலை கேட்டு, ஒப்பிட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் பணி அங்கே மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஸ்டோரில் எழுதிவிட்ட பொருளை வெளியில் வாங்கினால் தணிக்கையில் கேள்வி வரும். செஞ்சிக் கடைத்தெருவில் அரை டஜன் கடைகளில் ஸ்பிரிங் வாஷர் தொங்கியது. தற்காலிக ஊழியன் அதைத் தொட முடியாது. வாஷர் இல்லாமலே ஓட்டிப் பார்த்தான். கையால் தள்ளிவிட்டதும் சுழலி கிளம்பி, காற்று போனாலும் வந்தாலும் ஒரே பக்கம் சுற்றியது. படத்தில் போட்டபடியே இருந்தது. அவனுக்கு நிம்மதி.

கமிட்டி வந்தது. மூன்று பேர். நிகழ்ச்சி நிரலில் முதல் வரி ‘ராஜகிரிக் கோட்டை’, இரண்டாவது வரி ‘மதிய உணவு’, மூன்றாவது வரி ‘சோதனை, நேரம் இருந்தால்’. செஞ்சியில் சோதனை என்றதும் டெல்லி உடனே சம்மதித்த மர்மம் அப்போதுதான் விளங்கியது. பேராசிரியர் மில்லில் இறங்கி, “நாங்க பதினோரு மணிக்கெல்லாம் வந்துடுவோம். அதுவரைக்கும் நிறுத்தாம ஓட்டிட்டே இருங்க, சூடா இருக்கட்டும்,” என்று இட்லிக் கடைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கோட்டைக்குப் போனார்.

ராஜகிரியில் ஏறுவது எளிது என்று படத்தைப் பார்த்தவர்கள் நினைப்பார்கள். பதினோரு மணி பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. தைலம்மாளும் மற்றவர்களும் முறைவைத்து அழுத்தினார்கள். ஒரு கட்டத்தில் கடல் உட்கார்ந்து சோறு தின்றது, மறுபடி எழுந்து அலையடித்தது. ஆறு பேரும் ஆறு விதமாக அழுத்தியதில் பீப்பாய் தட்டித் தட்டி இறங்கியது. இளையபெருமாள் மணிக்கொரு தடவை நிறுத்தி நட்டை முறுக்கினான். இரண்டு மணிக்கு முறுக்கப் போனபோது வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. முறுக்காமலே வாசலுக்கு ஓடினான்.

மூன்று நிபுணர்களும் ஜீப்பிலிருந்து இறக்கி வைக்கப்பட்டார்கள். முழங்கால் மூவருக்குமே சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கணக்கர் இந்த முறை நாற்காலிகளை முழுசாகவே இழுத்துப் போட்டார். கமிட்டித் தலைவர் உட்கார்ந்தபடியே அலை மின்சாரத்தை ஆராய ஆரம்பித்தார். சுக்கூர் பாய் மில் கதவோரம், வேலை செய்தவன் நிற்கிற தூரத்தில், துவைத்த சட்டையோடு நின்றார்.

பேராசிரியர் அருமையாகப் பேசினார். இந்தச் சுழலியின் சிறப்பு, அதன் கணக்கு, அதன் ஒரே ஒரு எல்லை: தானாகக் கிளம்பாது, முதலில் ஒரு தள்ளு வேண்டும். “இப்போது அந்தத் தள்ளை நானே கொடுக்கிறேன்,” என்று ஏணியில் ஏறி, குத்துவிளக்கு ஏற்றுகிற பாவனையில் கையை நீட்டினார். தைலம்மாளுக்குக் கண்ணைக் காட்டினான் இளையபெருமாள். பீப்பாய் அமிழ்ந்தது.

சுழலி கிளம்பிவிட்டது. பேராசிரியர் கை இன்னும் வழியில் இருந்தது.

பீப்பாய் எழும்பியது. காற்று உள்ளே பாய்ந்தது. சுழலி அதே பக்கம், முன்னைவிட வேகமாகச் சுற்றியது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. சிவப்பு இறக்கை கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிவப்பு வளையமாகிவிட்டது.

“ஐயா கை வெக்காமலே சுத்துதுடி!” என்று கூவினாள் தைலம்மாள்.

இளையபெருமாள் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தான். நட்டுகள் தளர்ந்திருந்தன. காற்று கீழிருந்து வரும்போது இறக்கைகளின் வால் மேலே போய் முளையில் முட்டி நின்றது. மேலிருந்து வரும்போது கீழே போய் முட்டியது. எந்தப் பக்கம் காற்று வந்தாலும் இறக்கைகள் தாமாகவே அதற்கேற்ற சாய்வை எடுத்துக்கொண்டன. உலகத்தில் யாரும் தள்ள வேண்டாம். அவனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, கத்தியும்விட்டான்.

“சார், நட்டு லூஸ் ஆயிடுச்சு! அதனாலதான் சார்! எறக்க தானா திரும்பிக்குது. தள்ளவே வேணாம் சார், இது நம்ம டிசைனைவிட நல்லா இருக்கு!”

கண்டுபிடிப்பு என்பது எப்படி வரவேற்கப்படும் என்று பாடப் புத்தகத்தில் படித்தவன் அவன். பேராசிரியர் முகம் வெளுத்தது. கமிட்டித் தலைவர் அறிக்கையைப் புரட்டினார்.

“தள்ள வேண்டும் என்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறதே?” என்றார் ஆங்கிலத்தில்.

“ஆமாம்,” என்றார் பேராசிரியர்.

“பிறகு ஏன் தள்ளாமல் சுற்றுகிறது?”

அந்தக் கேள்வியில் சந்தேகம் இருந்தது. அறிக்கையில் இல்லாத வேலையை ஒரு இயந்திரம் செய்வது ஒழுங்கீனம். தளர்ந்த இறக்கைக்கு அறிக்கையில் ஒரு சமன்பாடு கிடையாது. நான்காம் அத்தியாயம் முழுக்க நேரான இறக்கை. அத்தியாயத்தை மாற்றினால் டெல்லியில் வாங்கிய சால்வைக்கு என்ன பதில்?

“பழுது சார், சின்னப் பழுது. இளையபெருமாள், டைட் பண்ணுங்க,” என்றார்.

“சார், ஒரு அஞ்சு நிமிஷம் இப்படியே சுத்துற வேகத்தை எழுதிக்கிட்டு...”

“டைட் பண்ணுங்கன்னு சொன்னேன்.”

முறுக்கினான். எட்டையும் முறுக்கினான். பேராசிரியர் தள்ளிவிட்டார். சுழலி முனகிக்கொண்டு கிளம்பி, அரைகுறை வேகத்தில், அறிக்கையில் சொன்னபடியே சுற்றியது. கமிட்டி கைதட்டியது. மூன்று தடவை நின்றுபோய், மூன்று தடவையும் தள்ளிவிட வேண்டியிருந்தது. அதுவும் அறிக்கையில் சொன்னபடியே இருந்ததால் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு தாள்கள்.

“இது உங்க கன்ஃபர்மேஷனுக்கு என் சிபாரிசு. இது டெஸ்ட் ரிப்போர்ட், அதுல நீங்க கையெழுத்துப் போடணும். முதல்ல அது.”

படித்தான். முதல் ஓட்டத்தில் இறக்கைகள் தளர்ந்திருந்தன. உள்ளூர்த் தொழிலாளியின் மட்டமான வேலைப்பாடே காரணம். அந்த ஓட்டம் கணக்கில் கொள்ளப்படவில்லை. மேற்படி அப்துல் சுக்கூருக்கு இனி எந்த வேலையும் தரலாகாது. நகல், மேற்படி நபருக்கு.

“சார், பாய் மேல தப்பில்ல. வாஷர் நம்ம ஸ்டோர்லதான்...”

“யார் தப்புங்கறது முக்கியமில்ல, இளையபெருமாள். தப்புன்னு ஒண்ணு கமிட்டி கண்ணுல பட்டிருக்கு. அதுக்கு ஒரு பேர் வேணும். உங்க பேரைப் போட்டுடவா?”

ஜன்னலுக்கு வெளியே குடியிருப்பு வீடுகள் தெரிந்தன. ஒரு வீட்டு வாசலில் யாரோ குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். இளையபெருமாள் கையெழுத்துப் போட்டான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரே இழுப்பில் போட்டுவிட்டான். அதுதான் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிரந்தர உத்தரவு பத்தே நாளில் வந்தது. எட்டு வாஷர் வாங்க முடியாத அலுவலகம் மனம் வைத்தால் எத்தனை வேகமாக ஓடும் என்று அப்போது தெரிந்தது. உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வசந்தாவிடம் காட்ட அவலூர்பேட்டைக்குக் கிளம்பினான். செஞ்சியில் பஸ் மாறும்போது, திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் திரும்பாமல் நின்றுகொண்டிருந்தான். பாயே பார்த்துவிட்டார்.

“தம்பி! உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன், வா வா!”

கடைக்கு இழுத்துப்போனார். கல்லாப்பெட்டிக்குள்ளிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு கவரை எடுத்தார். சிங்கத் தலை முத்திரை போட்ட ரிஜிஸ்டர் தபால்.

“கவர்மென்ட்லேருந்து வந்திருக்குது. தானா சுத்துனுச்சு பாரு, அதுக்குத்தான். கடைத்தெருவெல்லாம் காட்டிட்டேன். ஆனா யாருகிட்டயும் படிக்கக் குடுக்கல. நீதான் படிக்கணும். இங்கிலீஷ்ல எனக்கு ஒண்ணும் புரியல, கடைசியில உன் கையெழுத்து மட்டும் தமிழ்ல இருந்துச்சா, அதப் படிச்சிட்டேன்.”

இளையபெருமாள் தாளைப் பிரித்தான். எழுத்துகள் தெரிந்தன. பாய் முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான்.

“நல்ல வேலைன்னு எழுதியிருக்காங்க பாய்,” என்றான்.

“அப்படியா! இன்னும்?”

“தள்ளிவிடாமலே சுத்துச்சுன்னு எழுதியிருக்காங்க. காத்து உள்ள போனாலும் வெளிய வந்தாலும் ஒரே பக்கம் சுத்துச்சுன்னு...”

“என் பேரு?”

“இருக்குது பாய். உங்க பேரு இருக்குது.” அது ஒன்றுதான் பொய்யில்லை.

பாய் பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார், சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இளையபெருமாள் மறுபடி படித்தான். இரண்டாவது தடவை பாராட்டு சற்றுக் கூடுதலாகவே வந்தது. எல்லோரும் போனபிறகு பாய் ஃபிரேம் போடக் கண்ணாடி பார்க்கப் போனார்.

ஹபீபா அதுவரை தகரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

“அத்தாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும். இப்ப வாயால சொன்னீங்களே, அத அப்படியே தமிழ்ல எழுதிக் குடுங்க அண்ணா.”

“எழுதிட்டாப் போவுது,” என்றான், தப்பித்த சந்தோஷத்தில்.

“ரெண்டாவது வரியில ‘புவர் ஒர்க்மேன்ஷிப்’னு இருக்குதே,” என்றாள் அவள், அதே குரலில். “அதுக்கு மட்டும் தமிழ்ல இன்னா எழுதுவீங்க?”

இளையபெருமாள் அவளை நிமிர்ந்து பார்த்தான். வரைபடத்தில் அளவுகளை மட்டும் படிக்கிறாள் என்று நினைத்திருந்தான். வந்த அன்றைக்கே அவள் இதைப் படித்திருக்கிறாள். அத்தா கடைத்தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

“அத்தாகிட்ட நான் சொல்லல. நீங்க இன்னா படிக்கறீங்கன்னு பாக்கலாம்னு இருந்தேன்,” என்றாள். “எழுதுங்க.”

எழுதினான். தேதி, இடம். நட்டு தளர்ந்தபோது சுழலி தானாகக் கிளம்பியது. காற்று எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே பக்கம் சுற்றியது. முறுக்கியபின் தள்ளிவிட வேண்டியிருந்தது. தளர்ந்த இறக்கை பழுதன்று, அதுவே மேலான அமைப்பு. அமைப்பைச் சொன்னவர் ஹபீபா, செய்தவர் அப்துல் சுக்கூர். நட்டு தளர்ந்ததற்குக் காரணம் வாஷர் இல்லாமை, அதற்குப் பொறுப்பு கல்லூரி. ஆறு வருடத்தில் அந்தத் திட்டத்தில் எழுதப்பட்ட ஒரே உண்மையான சோதனை அறிக்கை அதுதான். எழுத எழுத அவனுக்குக் கையெழுத்தே அழகாக வந்தது.

பேனாவை மூடினான்.

“கையெழுத்து?” என்றாள் ஹபீபா.

பேனா நின்றது. இந்தத் தாளும் அந்தத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால், இரண்டிலும் ஒரே கையெழுத்து. கடைக்கு வருகிற மில்காரர்களில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் உண்டு. என்றைக்காவது ஒருவன் மெட்ராஸுக்கு ஒரு கடுதாசி போட்டால் போதும். சட்டைப்பையில் உத்தரவு மொடமொடவென்று உறுத்தியது. மகள் நினைவு வந்தது.

ஹபீபா அவசரப்படுத்தவில்லை. அவன் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

போட்டான். இந்த முறை ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக.

பாய் ஒரு கண்ணாடியோடு வந்தார், தமிழ்த் தாளைப் பார்த்ததும் திரும்பிப் போய் இன்னொன்றும் வாங்கிவந்தார். தமிழ்த் தாளை மகள் உரக்கப் படித்தாள், ‘அமைப்பைச் சொன்னவர் ஹபீபா’ என்பதை மட்டும், அத்தாவின் பெயரே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு. நடுவில் புரியாத இடங்களிலும் பாய் தலையாட்டினார். பிறகு சுவரில் இரண்டு ஆணி அடித்து இரண்டையும் அடுத்தடுத்து மாட்டினார். தூரப் போய் நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். இளையபெருமாளின் இரண்டு கையெழுத்துகளையும் விரலால் தொட்டு ஒப்பிட்டு, ஒரே மாதிரி இருப்பதில் திருப்திப்பட்டார்.

“சரி தம்பி,” என்றார் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு. “நெசக் கடல்ல வெக்கறதுக்குப் பெரிய ஃபேனு போடணும்ல? எப்ப வேணும்னு இப்பவே சொல்லிடு. தகரம் வாங்கி வெக்கறேன்.”

அவலூர்பேட்டை பஸ் ஹாரன் அடித்தது. இனி எந்த வேலையும் தரலாகாது என்ற ஆங்கில வரி, கீழே அவன் கையெழுத்தோடு, இளையபெருமாளின் கண்ணெதிரே சுவரில் தொங்கியது. ஹபீபா குத்தூசியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று நிமிர்ந்து பார்த்தாள்.